ஊட்டி மலையில் 120 ஆண்டுகளுக்கு முன் நடந்த சோதனை: மனசை அளக்க வந்த ரிவர்ஸ் யார்? உளவியல் ஆய்வு எப்படி நடக்குது?

காலையில போனை எடுத்தா போதும். இடது பக்கம் சாய்ந்து தூங்குறவங்க இப்படி, அடிக்கடி காலை ஆட்டுறவங்க அப்படி, இது உளவியல் நிரூபித்த உண்மை என்று ஒரு ஃபார்வர்டு வந்து நிற்கும். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல பஸ்சுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதை நாலு குரூப்புக்கு அனுப்பியும் விடுகிறோம்.

ஆனா ஒரு கேள்வி. யார் நிரூபிச்சாங்க? எத்தனை பேரை வைத்து? எப்படி? மனசு என்பது தராசில் வைத்து நிறுக்கிற பொருள் இல்லையே. அப்புறம் எப்படி அதை அளக்கிறார்கள்?

இதற்குப் பதில் தெரிய ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். அவர் பெயர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். இங்கிலாந்துக்காரர். இறந்து 100 ஆண்டுகள் தாண்டிவிட்டன. இன்று உளவியல் மாணவர்கள் படிக்கும் அடிப்படை ஆய்வு முறைகளில் பலவற்றை அவர் தன் வாழ்நாளிலேயே செய்து பார்த்தார். அதில் முக்கியமான ஒரு பகுதி நடந்தது நம்ம நீலகிரியில்.

யார் இந்த ரிவர்ஸ்?

1864 மார்ச் 12ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ். அப்பா பாதிரியார். திக்குவாய் உள்ளவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதும் அவருடைய வேலை. ஆனா மகன் ரிவர்ஸுக்கே திக்குவாய் இருந்தது. வாழ்நாள் முழுக்க அது முழுசாகப் போகவில்லை.

தாய்மாமன் ஜேம்ஸ் ஹண்ட் லண்டனில் ஒரு மானிடவியல் சங்கத்தையே நிறுவியவர். கறுப்பின மக்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று வெளிப்படையாக வாதிட்டவர். அந்தக் குடும்பத்தில் வளர்ந்த பையன்தான் பின்னாளில், அப்படிச் சொல்பவர்களிடம் அளந்து பார்த்தீர்களா என்று கேட்கும் வேலைக்குப் போனான்.

1886ல், 22 வயதில், லண்டனில் மருத்துவப் பட்டம் வாங்கினார். கப்பல் மருத்துவராகக் கொஞ்ச காலம் சுற்றினார். பிறகு நரம்பு மண்டலம், மனம் என்று ஆர்வம் திரும்பியது. 1893ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார். 1897ல் அங்கே உளவியல் சோதனைக் கூடத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது.

இன்னொரு விசித்திரம். பார்வையை ஆராய்வதில் பெயர் பெற்ற ரிவர்ஸுக்கு, கண்ணை மூடிக்கொண்டு எதையும் படமாக நினைத்துப் பார்க்க வராது. சின்ன வயதிலேயே அந்தத் திறன் போய்விட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஒரே உலகத்தை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி உணர்கிறார்கள் என்பது அவருக்கு வெறும் புத்தக அறிவு இல்லை.

முதல் பாடம்: சொல்வதை நம்பாதே, அளந்து பார்

1898ல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் நடுவில் உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஒரு ஆய்வுக் குழு போனது. தலைவர் ஏ.சி. ஹேடன். உளவியல் சோதனைகளுக்குப் பொறுப்பு ரிவர்ஸ்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை இருந்தது. தீவுவாசிகளுக்கும் பழங்குடிகளுக்கும் கண் பார்வை அபாரம், கழுகு மாதிரி என்பார்கள். பயணிகள் எழுதிய கதைகள்தான் இதற்கு ஆதாரம்.

ரிவர்ஸ் கதையை விட்டுவிட்டு அட்டையை எடுத்தார். ஆங்கில எழுத்து 'ஈ' பல திசைகளில் திரும்பி நிற்கும் அட்டை. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று காட்டினால் போதும். தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய் அளந்தார்.

முடிவு? பார்வை நன்றாகத்தான் இருந்தது. ஆனா கதையில் சொன்ன அளவுக்கு அதிசயம் எதுவும் இல்லை. தூரத்துப் பொருளை அவர்கள் சட்டென்று கண்டுபிடிப்பதற்கு முக்கியக் காரணம் பழக்கமும் கவனமும்.

இது குமரி மாவட்டக்காரர்களுக்கு எளிதாகப் புரியும். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையில் நின்று பாருங்க. நமக்கு வெறும் புள்ளியாகத் தெரியும் வள்ளத்தை, அது யாருடையது என்று அங்கிருக்கும் பெரியவர் சொல்லிவிடுவார். அவருக்கு அந்த வள்ளம் வரும் விதமும், நேரமும், கடலும் பழக்கம். அவரையும் நம்மையும் ஒரே அட்டைக்கு முன்னால் நிறுத்தினால்தான் கண்ணில் எவ்வளவு, பழக்கத்தில் எவ்வளவு என்பது தெரியும். சோதனை முறை செய்வது இதைத்தான். பல காரணங்கள் கலந்து கிடக்கும்போது ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்கிறது.

ஆனா ரிவர்ஸும் இங்கே ஒரு இடத்தில் சறுக்கினார். புலன்களில் இவ்வளவு கவனம் செலவானால் உயர்ந்த சிந்தனைக்கு மிச்சம் இருக்காது என்கிற மாதிரி ஒரு முடிவையும் எழுதிவைத்தார். அவர் அளந்தது கண்ணை, காதை, தோலை. சிந்தனையை அளக்கவே இல்லை. கையில் இருக்கும் தரவைத் தாண்டி முடிவு சொன்னால் பெரிய ஆய்வாளரும் தவறுவார் என்பதற்கு இது உதாரணம்.

நீலகிரிக்கு ஏன் வந்தார்?

ஒரு தீவில் கிடைத்த முடிவு மற்ற இடத்துக்கும் பொருந்துமா? இந்தக் கேள்வியோடுதான் 1901-02ல் நீலகிரிக்கு வந்தார். எருமை வளர்த்து, பால்மடத்தையே கோயிலாகக் கொண்டு வாழும் தோடர்கள் அப்போது மொத்தமே சுமார் 800 பேர். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் உதவினார். தோடர் மொழி ரிவர்ஸுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களை வைத்துதான் வேலை நடந்தது.

பல மாதங்கள் தங்கி, பார்வை, நிறம், தொடு உணர்வு, வலி, மணம், சுவை என்று வரிசையாகச் சோதித்தார். நிறக்குருடு இருக்கிறதா என்று பார்க்கப் பல நிறக் கம்பளி நூல்களைக் கொடுத்து, ஒரே மாதிரி இருப்பதைப் பிரிக்கச் சொன்னார். இதில் மட்டும் 500க்கும் மேற்பட்டோரைப் பார்த்தார். அதாவது அந்த இனத்தில் பாதிப் பேருக்கு மேல். ஆண்களில் 100க்கு சுமார் 13 பேருக்கு நிறக்குருடு இருந்தது. ஐரோப்பிய ஆண்களில் இது 100க்கு சுமார் 8.

இங்கே கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. பத்துப் பேரைக் கேட்டுவிட்டு ஊரே இப்படித்தான் என்று சொல்ல முடியாது. யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம் என்பதில்தான் கணக்கெடுப்பின் உயிர் இருக்கிறது.

கண்ணை ஏமாற்றும் கோடு

அடுத்தது, இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கும் முல்லர்-லயர் மாயை. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத் தலை உள்பக்கமாக மடங்கியிருக்கும், இன்னொன்றில் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும். விரிந்த கோடுதான் நீளமாகத் தெரியும். அளந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே.

பழங்குடிகள் இதில் நம்மைவிட அதிகமாக ஏமாறுவார்கள் என்று அன்றைய ஐரோப்பியர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது தலைகீழ். டோரஸ் தீவுக்காரர்களும் சரி, தோடர்களும் சரி, ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகத்தான் ஏமாந்தார்கள். ஆனா செங்குத்துக் கோடு படுக்கைக் கோட்டைவிட நீளமாகத் தெரியும் இன்னொரு மாயையில் ஆங்கிலேயர்களைவிட அதிகம் ஏமாந்தார்கள்.

இதன் அர்த்தம் என்ன? அவர்கள் புத்திசாலிகள் அல்லது மந்தமானவர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஒருவர் வளர்ந்த சூழலுக்கும் அவர் பார்க்கும் விதத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கேள்வி அங்கே பிறந்தது. 1966ல் சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் பல நாட்டு மக்களிடம் இதே சோதனையைப் பெரிய அளவில் செய்து, அந்தக் கேள்வியை இன்னும் முன்னால் கொண்டுபோனார்கள்.

மாமா என்ற ஒரு சொல்லில் என்ன இருக்கு?

ரிவர்ஸின் மிகப் பெரிய பங்களிப்பு என்று பலரும் சொல்வது வம்சாவளி முறை. கண் கூர்மை, நிறக்குருடு எல்லாம் குடும்பத்தில் வருகிறதா என்று பார்க்கத்தான் டோரஸ் தீவில் குடும்ப மரம் எழுதத் தொடங்கினார். எழுத எழுத, ஒரு சமூகத்தையே புரிந்துகொள்ளும் சாவி அது என்று அவருக்குத் தெரிந்தது.

தோடர்களிடம் ஒரு சிக்கல் வந்தது. இறந்துபோன சொந்தக்காரர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நம்ம ஊரிலும் புருஷன் பேரைச் சொல்லாத பாட்டிகளைப் பார்த்திருப்போமே, அது மாதிரி. ரிவர்ஸ் வற்புறுத்தவில்லை. ஒரு குடும்பத்தின் வம்சாவளியை அடுத்த குடும்பத்துக்காரரிடம் கேட்டார். அதையே இன்னொருவரிடம் தனியாகக் கேட்டுச் சரிபார்த்தார்.

கேள்வி கேட்பதிலும் ஒரு சூட்சுமம். உங்கள் திருமண விதி என்ன என்று பொதுவாகக் கேட்டால் யாரும் குழம்புவார்கள். அதற்குப் பதிலாக இவர் யாரைக் கட்டினார், இவருடைய அம்மா யார், அந்தச் சாவில் எருமை கொடுத்தது யார் என்று நடந்த விஷயத்தைக் கேட்டார். நூறு நடந்த விஷயம் சேர்ந்தால் விதி தானாகத் தெரியும். நேர்காணல் எடுக்கப் போகும் மாணவர்களுக்கு இன்றைக்கும் இது நல்ல பாடம்.

1907ல் இந்தியாவில் மாமன் மகள், அத்தை மகள் திருமணம் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அம்மாவின் அண்ணனும் மாமா, மனைவியின் அப்பாவும் மாமா. நமக்கு இது சாதாரணம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். ஒரு சமூகத்தின் கல்யாண முறை அதன் உறவுச் சொல்லிலேயே பதிந்திருக்கும் என்பது ரிவர்ஸின் வாதம்.

நாஞ்சில் நாட்டுக்கு இது ரொம்ப நெருக்கமான விஷயம். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும் மருமக்கள் வழி இங்கே நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் இருந்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அதைக் கிண்டலும் வேதனையுமாக ஒரு நூலாகவே எழுதினார். 1926ல் திருவிதாங்கூர் அரசு சட்டம் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. அப்படி ஒரு வீட்டில் மாமன், மருமகன், மகன் மூவருக்கும் நடுவில் இருந்த மனக்கசப்பை ஒருவர் ஆராய வேண்டும் என்றால், ஆளின் மனசை மட்டும் பார்த்தால் போதுமா? யாருக்கு யார் என்ன முறை, யார் கையில் நிலம் என்பதும் தெரியணும். ரிவர்ஸின் முறை கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

மலையில் நடந்த சோகம்

இனி சொல்லப்போவது வசதியான கதை இல்லை. தோடர்களின் சடங்குகள், புனித இடங்கள் பற்றி ரகசியமான விஷயங்களையும் ரிவர்ஸ் கேட்டு வாங்கினார். அவர் தங்கியிருந்த காலத்தின் கடைசியில், அவருக்கு உதவியவர்களின் வீடுகளில் நோயும் சாவும் வந்தன. வெளி ஆளிடம் ரகசியத்தைச் சொன்னதால் தெய்வம் கோபித்துக்கொண்டது என்று தோடர்களின் குறிசொல்பவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு பலர் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இதை ரிவர்ஸ் மறைக்கவில்லை. 1906ல் வந்த தோடர்கள் பற்றிய தன் பெரிய நூலிலேயே பதிவு செய்தார். ஆனா அந்தக் குடும்பங்கள் பட்ட பயமும் குற்ற உணர்ச்சியும் நிஜம். நூல் இங்கிலாந்தில் புகழ் வாங்கியது, விலை கொடுத்தது மலையில் இருந்தவர்கள்.

இன்று இந்தியாவில் மனிதர்களை வைத்து ஆய்வு செய்ய வேண்டும் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017ல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. என்ன ஆய்வு, என்ன பாதிப்பு வரலாம் என்பதை முதலில் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கணும். பாதியில் விலகும் உரிமை தரணும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேணும். இந்த மாதிரி விதிகள் எதுவும் இல்லாத காலத்தில் நடந்தது நீலகிரி ஆய்வு.

நண்பரின் கையை அறுத்த ஆய்வு

ஊருக்குத் திரும்பிய ரிவர்ஸ் அடுத்து செய்தது இன்னும் ஆச்சரியம். நரம்பு அறுந்தால் உணர்வு எப்படித் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ள, அவருடைய நண்பரான நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட் தன் கையையே கொடுத்தார். 1903 ஏப்ரல் 25ல் ஹெட்டின் முன்கை நரம்பு அறுவை சிகிச்சை மூலம் வெட்டப்பட்டு மீண்டும் தைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் ஹெட் கேம்பிரிட்ஜுக்கு வந்து கண்ணை மூடி உட்கார, ரிவர்ஸ் ஊசி, பஞ்சு, சூடு, குளிர் என்று தொட்டுத் தொட்டுக் குறித்தார்.

முரட்டுத்தனமான வலி உணர்வு முதலில் திரும்புகிறது, நுட்பமான தொடு உணர்வு பிறகுதான் வருகிறது என்று 1908ல் வெளியிட்டார்கள். ஆனா 1909லேயே டிராட்டர், டேவிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடலிலேயே நரம்புகளை வெட்டிச் சோதித்து, அப்படிப்பட்ட இரண்டு தனி அடுக்குகளைப் பார்க்க முடியவில்லை என்றார்கள்.

ஒரே ஒரு கை, ஒரே ஒரு ஆய்வு. அதை வைத்துப் பெரிய கோட்பாடு கட்ட முடியாது. இன்னொருவர் அதே சோதனையைச் செய்தால் அதே முடிவு வரணும். மறுபடியும் செய்து பார்ப்பது என்பது அறிவியலில் சந்தேகப் புத்தி இல்லை, அது கடமை.

குடிப்பது என்னவென்று தெரியக் கூடாது

காபி குடித்தால் சுறுசுறுப்பு வருமா, கொஞ்சம் மது குடித்தால் களைப்பு போகுமா? இதையும் ரிவர்ஸ் சோதித்தார். விரலால் எடை தூக்கும் கருவியில் எவ்வளவு வேலை செய்ய முடிகிறது என்று அளந்தார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. காபி குடித்தோம் என்று தெரிந்தாலே பாதி உற்சாகம் வந்துவிடும். அதனால் மருந்து கலந்த பானத்தையும், கலக்காத பானத்தையும் ருசியில் வித்தியாசம் தெரியாதபடி தயார் செய்தார். குடிப்பவருக்கு எந்த நாளில் எது என்று தெரியாது. காஃபின் வேலைத் திறனைக் கூட்டியது. குறைந்த அளவு மதுவில் சொல்லிக்கொள்ளும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. 1908ல் இது நூலாக வந்தது.

இன்று ஒரு மாத்திரையோ தடுப்பூசியோ வெளிவரும் முன் நடக்கும் சோதனைகளிலும் இதே யோசனைதான். ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு மருந்து மாதிரியே தெரியும் வெற்றுப் பொருள்.

போர் முனையிலிருந்து வந்த நோயாளி

முதல் உலகப் போர் வந்தது. உடம்பில் காயம் இல்லை, ஆனா தூக்கம் இல்லை, பேச்சு வரவில்லை, கை கால் நடுங்குகிறது என்று வீரர்கள் திரும்பி வந்தார்கள். பலர் இவர்களைக் கோழைகள் என்றார்கள். நடந்ததை மறந்துவிடு என்பதுதான் பலருக்குக் கிடைத்த ஆலோசனை.

எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் ராணுவ மருத்துவமனையில் 1916-17ல் பணியாற்றிய ரிவர்ஸ் வேறு வழி எடுத்தார். நடந்ததைப் பேசச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொரு நோயாளியின் கதையையும் விரிவாகப் பதிந்தார். இதுதான் தனி நபர் ஆய்வு முறை. பயத்தை அடக்கி வைப்பதே நோயை வளர்க்கிறது என்று 1918ல் மருத்துவ இதழான லான்செட்டில் எழுதினார்.

அவரிடம் வந்தவர்களில் கவிஞர் சிக்ஃப்ரைட் சசூனும் ஒருவர். போர் தேவையில்லாமல் நீட்டிக்கப்படுகிறது என்று 1917ல் பகிரங்கமாக அறிக்கை விட்ட அதிகாரி. ராணுவ நீதிமன்றத்துக்குப் பதிலாக மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சில மாதப் பேச்சுக்குப் பிறகு சசூன் மறுபடியும் பணிக்குத் திரும்பினார். 1918ல் தலையில் குண்டடி பட்டும் உயிர் தப்பினார்.

ரிவர்ஸுக்கு இது உறுத்தியது. குணப்படுத்துவது எதற்காக, மறுபடியும் பதுங்குகுழிக்கு அனுப்பவா? சசூனோடு பேசப் பேச போர் பற்றிய தன் எண்ணமே ஆடியதைத் தன் கனவுகளை ஆராயும்போது அவர் எழுதியிருக்கிறார். ஆய்வு செய்பவரையும் ஆய்வு மாற்றும்.

1922ல் தொழிற்கட்சி வேட்பாளராகத் தேர்தலில் நிற்கத் தயாரானார். ஆனா குடல் இறக்கம் திடீரென்று முற்றி, ஜூன் 4ல் கேம்பிரிட்ஜில் இறந்தார். வயது 58.

அடுத்த ஃபார்வர்டு வரும்போது என்ன கேட்கலாம்?

ரிவர்ஸ் சரியாகச் செய்ததையும் தவறியதையும் சேர்த்தால் ஆறு கேள்விகள் கிடைக்கும்.

1. எத்தனை பேரிடம், எப்படிப்பட்டவர்களிடம் ஆய்வு நடந்தது?

2. நேரில் அளந்தார்களா, இல்லை கேள்விப்பட்டதை எழுதினார்களா?

3. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததா? எது மருந்து என்று பங்கேற்றவருக்குத் தெரியுமா?

4. வேறு யாராவது மறுபடியும் செய்து பார்த்தார்களா?

5. அளந்தது ஒன்று, முடிவு சொல்வது வேறொன்று என்று இருக்கிறதா?

6. பங்கேற்றவர்கள் விவரம் தெரிந்து சம்மதித்தார்களா? அவர்களுக்குப் பாதிப்பு வந்ததா?

இதில் ஒன்றுக்கும் பதில் இல்லாமல் உளவியல் உண்மை என்று மட்டும் எழுதியிருந்தால், அதை அடுத்த குரூப்புக்குத் தட்டிவிடாமல் இருப்பதே நல்லது. முக்கியமாக அது ஒரு ஊரைப் பற்றியோ, சாதியைப் பற்றியோ, பெண்களைப் பற்றியோ இருந்தால். கழுகுக் கண், மந்த மூளை என்று பழங்குடிகள் பற்றி ஐரோப்பா முழுக்கச் சுற்றிய கதையும் அன்றைய ஃபார்வர்டுதான். அதைச் சோதிக்க ஒருவர் அட்டையும் கம்பளி நூலும் எடுத்துக்கொண்டு ஊட்டி மலை வரை வர வேண்டியிருந்தது.